பிள்ளையின் முதல் தூண்டில்

 

வாரத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் நான் நடத்தும் மாதர் வகுப்பில், பாடம் முடிந்து கிதாபை மூடிய பிறகுதான் உண்மையான கேள்விகள் வரத் தொடங்கும். திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் அண்மையில் இப்படிக் கேட்டது: "மௌலவி, எனக்கு ஏழு வயசில ஒரு மகன். அவர்ட வாப்பா கத்தார்ல. பக்கத்து வீட்டுப் பொடியன்மார் தூண்டில் எடுத்துக்கிட்டு ஆத்துக்குப் போகக்குள்ள தானும் போகணும் எண்டு ஒவ்வொரு நாளும் அழுவுறார். அனுப்பலாமா?"

நான் வாய் திறக்குமுன் மற்றப் பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "அல்லாஹ்வே, அனுப்பிராதீங்க!" "மீன் வேணுமெண்டா சந்தையில வாங்கிக் குடுங்க." ஒரு வயதான தாய் மட்டும், "எங்கட காலத்தில பொம்புளப் புள்ளைகளும்தான் தூண்டில் போட்ட" என்று முணுமுணுத்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை.

"அடுத்த கிழமை சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். மார்க்கச் சட்டத்தில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. கடலில் வேட்டையாடுவதும் அதிலிருந்து உண்பதும் எமக்கு ஆகுமாக்கப்பட்டவை என்பது ஸூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனத்திலிருந்து தெளிவு. நான் தயங்கியது வேறு காரணத்துக்காக. அந்தச் சகோதரிக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால் என் பிழை ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். வகுப்பில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவது சற்று இலகு.

காத்தான்குடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே கிடக்கும் ஒரு கீற்று மண்ணில் நெருக்கியடித்து வீடுகள். வரைபடத்தில் அது வாவி. எங்கள் வாயில் அது ஆறு. கிழக்கு மேற்காகப் போகும் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் நீரைத்தான் காண்போம். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு நீரைக் காட்டாமலே வளர்த்துவிடப் பார்க்கிறோம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கிழக்கிலங்கைத் தாய்மாரிடம் அதற்குக் காரணம் கேட்க முடியாது. என் மனைவிக்கு அன்று 18 வயது. ஐந்து வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார். நீர் வடிந்தபோது அந்தக் கை அவர் கையில் இல்லை. எங்களுக்குத் திருமணமாகி இத்தனை வருடங்களில் இதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது இரண்டே முறை. இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. கூட்டி எழுதாதீங்க" என்றார். ஆகவே இத்துடன் விடுகிறேன்.

என் பிழை 2017ஆம் ஆண்டு நடந்தது. மூத்த மகனுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளைகளின் உம்மா ஒரு வலீமா வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, அவரிடம் சொல்லாமல் மகனை ஆற்றங்கரைக்குக் கூட்டிச் சென்றேன். சொன்னால் விடமாட்டார் என்று தெரியும். சின்ன வயதில் என் மூத்தாப்பாவோடு நான் தூண்டில் போட்டவன். பன்னிரண்டு வயதில் அரபுக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள்; அதோடு தூண்டிலும் போயிற்று, நீச்சலும் வராமலே போயிற்று. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் சொன்னதாக அறிவிக்கப்படுவதை நானும் எத்தனையோ மேடைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். சொன்னவருக்கு நீந்தத் தெரியாது என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

கடையில் இரண்டு தூண்டில் வாங்கினேன். ஒன்று மகனுக்கு, ஒன்று எனக்கு. அந்த இரண்டாவதுதான் பிழை.

மகனின் முள்ளில் பாண் துண்டைக் குத்தி, அவனை ஒரு கல்லின் மேல் நிற்க வைத்துவிட்டு, நான் நாலைந்து எட்டுத் தள்ளி நின்று என்னுடையதை வீசினேன். கொஞ்ச நேரத்தில் என் மிதப்பு அசைந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த அசைவைக் காண்கிறேன். வேறொன்றும் கண்ணில் படவில்லை. மகன் "வாப்பா" என்று இரண்டு முறை கூப்பிட்டது காதில் விழுந்தது. "பொறு மகன்" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. மூன்றாவது முறை கூப்பிடவில்லை. மீனை இழுத்து மணலில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கல்லின் மேல் ஒரு சோடிச் செருப்பு மட்டும் இருந்தது.

நான் ஓடினேனா, நின்றேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அப்பால் தொடையளவு நீரில் வீச்சுவலையோடு நின்ற வயதான ஒருவர் எனக்கு முன்பே வந்து, சட்டையில் பிடித்துப் பிள்ளையைத் தூக்கினார். அந்த இடத்தில் நீர் என் இடுப்பளவுதான். என் இடுப்பு ஆறு வயதுப் பிள்ளைக்கு எங்கே வரும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. மகன் இருமினான், சத்தியெடுத்தான், பிறகு அழுதான். அந்த அழுகையைப் போல இனிய ஓசையை நான் கேட்டதில்லை. பெரியவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, "மௌலவி, மீன் நாளைக்கும் இரிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் அவன் உம்மா ஈர உடுப்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. துடைத்தார், உடுப்பு மாற்றினார், சோறு தீத்தினார், நித்திரையாக்கினார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க அவனப் பாத்துக்கிட்டு நிண்டீங்களா, தூண்டிலப் பாத்துக்கிட்டு நிண்டீங்களா?"

அதன் பின் பல வருடங்களாக எங்கள் வீட்டில் தூண்டில் என்ற சொல் எழவில்லை.

சகோதரிகளே, நீரில் விழுந்த பிள்ளை கத்தும், கையை உயர்த்தி ஆட்டும், நாம் கேட்டு ஓடலாம் என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். அப்படியல்ல. மூச்செடுக்கவே வாய் போதாத நேரத்தில் கத்துவதற்கு எங்கே இடம்? கைகள் நீரைக் கீழே அமுக்கப் பார்க்குமேயன்றி உயராது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள், அக்கம்பக்கத்தில் ஆட்கள் இருக்கவே, ஓசையின்றி முடிந்துவிடலாம். ஒரு வயதிலிருந்து பதினான்கு வயது வரையான பிள்ளைகளின் மரணத்துக்கு முக்கிய காரணங்களில் ஒன்றாக இதனை உலக சுகாதார நிறுவனம் எண்ணுகிறது. ஆகவே "கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிற்கிறேன்" என்பது காவல் அல்ல. கை நீட்டினால் பிள்ளை எட்ட வேண்டும், அதுதான் காவல்.

இன்னொன்று. நீரில் இருந்து எடுத்த பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றும் வழக்கம் எமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. செய்ய வேண்டாம். அதில் போவது நேரம்தான். மூச்சில்லையாயின் மல்லாக்கக் கிடத்தி, நாடியைச் சற்று உயர்த்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்த வேண்டும். மற்றொருவர் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்பியுலன்ஸை வரவழைக்க வேண்டும். இதை வாசித்துப் பழக முடியாது. முதலுதவி வகுப்பு எங்காவது நடந்தால், பெண்களுக்கென வேறாக நடத்தச் சொல்லிக் கேட்டேனும் போய்ப் பழகுங்கள். மூச்சு வந்து எழுந்து உட்கார்ந்த பிள்ளையையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். நான் அன்று காட்டவில்லை. அது என் இரண்டாவது பிழை.

இப்போது மகளுக்கு வருகிறேன். அவளுக்கு வயது ஆறு. சென்ற விடுமுறையில் ஒரு நாள், என்னிடம் கேட்காமல், நேராக உம்மாவிடம் போய், "உம்மா, நான் தூண்டில் போடட்டா?" என்று கேட்டாள். எங்கிருந்து இந்த ஆசை வந்ததோ தெரியாது. அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து இரவில் என்னிடம் வந்தார்.

"இவ பெரிசாகி ஆருக்கும் தெரியாமப் போவா. அதுக்கு முதல் நாமளே கூட்டிக்கிட்டுப் போவம். நானும் வாறன். நீங்க மட்டும் தூண்டில் எடுக்கப்படாது."

நான் ஒத்துக்கொண்டேன்.

தூண்டிலின் பாதிச் சந்தோஷம் அதைச் செய்வதில் இருக்கிறது என்பதைக் கடையில் வாங்கிய அந்த முறை நான் அறியவில்லை. தடிக்கு மெல்லிய மூங்கில் எடுத்தோம். பெரியவர்களின் நீளத் தடி பிள்ளைக்குப் பாரம். கை ஓய்ந்தால் பாரத்தோடு பிள்ளையும் முன்னுக்குச் சாயும். மகளின் உயரத்தில் ஒன்றரை மடங்காக வெட்டினோம். தங்கூசியைத் தடியின் நீளத்துக்கு மேல் விடவில்லை. நூல் நீண்டால் முள் காற்றில் ஆடி யாருடைய கண்ணையாவது தேடும். கச்சான் வீசும் நாளில் சொல்லவே வேண்டியதில்லை. மிதப்புக்கு மகன் பழைய பாட்டாச் செருப்பின் றப்பரில் ஒரு துண்டு வெட்டினான். மகள் அதற்குச் சிவப்பு நகப்பூச்சுப் பூசினாள். (அது எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.)

முள் மிகச் சிறியது. அதன் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி ஒரு குட்டிக் கூர் நிற்கும். ஏறிய முள்ளைக் கழரவிடாமல் பிடிப்பது அதுதான். அதைக் குறட்டால் நசுக்கிச் சமப்படுத்தினேன். இரண்டொரு மீன் தப்பும். தப்பட்டும். பிள்ளையின் விரலில் ஏறினால் வந்த வழியே எடுத்துவிடலாம். நசுக்காத முள் ஆழமாக ஏறியிருந்தால் வீட்டில் இழுத்துக் கிழிக்காமல் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். ஏற்புத் தடுப்பூசி வேண்டுமா என்பதையும் அங்கே பார்ப்பார்கள்.

"மண்புழு தோண்டட்டா?" என்று மகன் கேட்டான். முதல் நாளில் வேண்டாம் என்றேன். உயிரோடு நெளியும் ஒன்றை முள்ளில் ஏற்றுவது ஒரு சின்னப் பிள்ளையின் முதல் பாடமாக இருக்க வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். பாண் சதை போதும் என்று நினைத்தேன். பிள்ளைகளின் உம்மா சிரித்துவிட்டு, கோதுமை மாவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ரொட்டிக்குக் குழைப்பதை விட இறுக்கமாகக் குழைத்து ஒரு டப்பாவில் போட்டார். ஆற்றில் பாண் அரை நிமிடத்தில் கரைந்துபோனது. அவருடைய மா கரையாமல் நின்றது.

போகும் நாளுக்கு முந்திய மாலை நான் தனியே போய், சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த இடத்தின் அடியைக் காலால் தடவிப் பார்த்தேன். பாசிக் கல் இல்லாத, மெல்லச் சரியும் மணற்கரையாகத் தேடினேன். வலை போடுவோரிடம் முதலை நடமாட்டம் உண்டா என்றும் விசாரித்தேன். இது வெட்கப்பட வேண்டிய கேள்வியல்ல. எமது வாவியிலும் உட்பகுதிக் குளங்களிலும் முதலைகள் உண்டு. அவை எங்கே வரும், எங்கே வராது என்பதை நாள்தோறும் அங்கே நிற்பவர்தான் அறிவார்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடுவது என்று கணக்கு. மகளை விளிம்பிலிருந்து இரண்டு எட்டுப் பின்னால் நிறுத்தினேன். அவளுக்கும் நீருக்கும் இடையில், ஒரு பக்கமாக நான் குந்திக்கொண்டேன். கையில் ஒன்றுமில்லை. கைத்தொலைபேசி பிள்ளைகளின் உம்மாவின் பையில். இந்தக் காலத்து வாப்பாமாரின் கண்ணைத் தூண்டிலை விட அதுதான் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளைகளின் உம்மா தென்னை மரத்தடியில் பாயை விரித்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பிஸ்மில்லாஹ்" என்று மகள் வீசினாள். முதலாவது தடவை முள் அவளது ஸ்கார்பில் மாட்டியது. நூல் நீளமாக இருந்திருந்தால் கன்னத்தில் மாட்டியிருக்கும்.

பத்து நிமிடம் மூச்சு விடாமல் நின்றாள். பிறகு கேள்விகள் தொடங்கின. "யூனுஸ் நபிய விழுங்கின மீன் இந்த ஆத்திலயா வாப்பா இரிக்கி?" இல்லையென்றதில் அவளுக்கு ஏமாற்றம். மட்டக்களப்புப் பிள்ளைக்குப் பாடும் மீனாவது கிடைக்க வேண்டாமா? நிலாக்காலத்து இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் இருந்து, துடுப்பை நீரில் விட்டு அதன் மறுமுனையில் காதை வைத்தால் ஓசை கேட்கும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதைச் சொன்னேன். உடனே தடியின் அடியைக் காதில் வைத்தாள். "கேக்குதா?" என்றான் காக்கா. "ஓ, ஓதுது" என்றாள். பாடுவதை அவள் ஓதுவதாக்கிவிட்டாள். நான் திருத்தவில்லை.

இருபது நிமிடம் ஆனதும் தடியைக் கீழே போட்டுவிட்டு நண்டு பார்க்கப் போனாள். இந்த இடத்தில்தான் பல வாப்பாமார் சினப்பார்கள். "இவ்வளவு பாடுபட்டு வந்தது நண்டு பார்க்கவா?" என்று கேட்பார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமை அவ்வளவுதான். நண்டும் ஆற்றில் உள்ளதுதானே. நானும் நண்டின் பின்னால் நடந்தேன், அவளுக்கும் நீருக்கும் இடையில். அவள் வெறுங்காலில் ஓடப் பார்த்தபோது செருப்பைப் போடச் சொன்னேன். கரையில் போத்தல் கண்ணாடி கிடக்கிறது. வாழைப்பழம் தின்றாள், தண்ணீர் குடித்தாள், திரும்பி வந்து வீசினாள். அப்போதுதான் சிவப்பு மிதப்பு ஒரு முறை துள்ளி, மறுமுறை உள்ளே போனது.

உள்ளங்கை அகலத் திலாப்பியா ஒன்று. அவள் போட்ட கூச்சலில் அவளது உம்மா திரும்பி எங்கள் பக்கம் பார்த்தார். மகள் துள்ளினாள், சிரித்தாள், கிட்டப் போனாள். மீன் மணலில் அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு நின்றது.

"வாப்பா, அதுக்கு நோவுதா?"

சகோதரிகளே, இந்தக் கேள்வி உங்களிடமும் வரும். மீனுக்கு நோவில்லை என்று சொல்லித் தப்பிக்க நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "நோவும் போலதான் மகள்" என்றேன். கண் கலங்கிவிட்டாள். காக்கா பரிகசிக்க வாயெடுத்தான். அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அபூ உமைர் என்ற சின்னப் பிள்ளை வளர்த்த குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையிடம் குருவியைப் பற்றிப் பரிவோடு கேட்டார்கள் என்பதை ஹதீஸில் ஓதியிருக்கிறோம். ஒரு குருவிக்காக அழும் பிள்ளையை அவர்கள் பரிகசிக்கவில்லை. மீனுக்காக அழும் பிள்ளையைப் பரிகசிக்க நாம் யார்?

அரபுக் கல்லூரியில் ஓதிய ஷாபிஈ மத்ஹபுக் கிதாபுகளில் ஒரு சிறு மஸ்அலா உண்டு. மீனை அறுக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே எடுத்தும் நெடுநேரம் உயிர் போகாமல் கிடக்கும் பெரிய மீனாயின், அதன் வேதனை தீர அறுத்துவிடுவது விரும்பத்தக்கது. பரீட்சைக்காக நான் மனனமிட்ட வரி அது. துடிக்கும் மீன் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அதை நான் ஓதவில்லை. அன்று மணலில்தான் அதன் பொருள் புரிந்தது. உயிருள்ள பறவையைக் குறியாக வைத்து அம்பெய்து விளையாடிய வாலிபர்களை இப்னு உமர் (ரழி) அவர்கள் கண்டபோது, அப்படிச் செய்வோரை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்ன செய்தியும் நினைவுக்கு வந்தது. உண்பதற்காகப் பிடிப்பது வேறு. துடிப்பதைப் பார்த்து மகிழ்வது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்குப் பேச்சில் விளங்கவைக்க எத்தனை வருடம் எடுக்கும்? அங்கே ஒரு நிமிடம்தான் எடுத்தது.

"ரெண்டில ஒண்டு மகள். சாப்பிடப் போறம் எண்டா வாப்பா இப்பவே அதிட நோவத் தீத்து வைக்கன். இல்லாட்டி இப்பவே ஆத்தில விடுவம். சும்மா கிடந்து சாக விடப்படாது" என்றேன். விடுவோம் என்றாள். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேல் வழுவழுப்பு உரிந்து பின்னால் நோய் பிடிக்கும் என்பதால் கையை நனைக்கச் சொன்னேன். தலைப் பக்கமிருந்து தடவி முதுகு முட்களைப் படுக்க வைத்துப் பிடிப்பதைக் காட்டினேன். முள்ளைக் கழற்றினேன், கூர் நசுங்கிய முள் இலகுவாகக் கழன்றது. அவள் கையிலிருந்தே போயிற்று.

அடுத்த மீனை வைத்துக்கொள்வோம் என்றாள். "உம்மாவுக்கு" என்றாள். ஒரு கட்டையால் தலையில் ஒரே அடி. மறுபக்கம் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டுதான் நின்றாள், அழவில்லை.

இந்தத் திலாப்பியா எமது மண்ணின் மீனல்ல. 1952இல் கொண்டுவந்து விடப்பட்டது. இன்று ஏழை வீட்டுச் சட்டி பல இதனால்தான் நிறைகிறது. இதில் தாய்மீன் தன் முட்டைகளை வாய்க்குள் எடுத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில நாட்கள் வாயே வீடு. அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆகவே தூண்டிலில் அகப்படுவது அரிது; வலையில்தான் பாவம் அகப்பட்டுவிடும். பாடப் புத்தகத்தில் படித்ததை மகன் ஒப்புவித்துக்கொண்டிருக்க, மகள் "அந்தா!" என்றாள். முழங்காலளவு கூட இல்லாத தெளிந்த நீரில் ஒரு மீன் அசையாமல் நின்றது. அதன் முகத்தைச் சுற்றித் தூசி போல் எதுவோ மிதந்தது. உற்றுப் பார்த்தால் தூசியல்ல, குஞ்சுகள்.

"உம்மா, வாங்களேன்!" என்று கூப்பிட்டாள்.

அவர் எழுந்து வந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த விளிம்பு வரை வந்து நான் கண்டதில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவரது நிழல் நீரில் விழுந்ததுதான் தாமதம், அத்தனை குஞ்சுகளும் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்தன; தாய் மெல்லப் பின்வாங்கி ஆழத்துக்குப் போயிற்று. மகள் கைதட்டினாள். அவர் நெடுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கத்தாரில் கணவர் இருக்கும் அந்தச் சகோதரிக்கு இனிச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பொடியன்மாரோடு அனுப்பாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல, அவர்களும் பிள்ளைகள். மிதப்பு அசைந்தால் நாற்பது வயது மௌலவிக்கே பிள்ளை மறந்துபோகிறது, பன்னிரண்டு வயதுப் பொடியனுக்கு எப்படி நினைவிருக்கும்? உங்கள் காக்காவோ தம்பியோ மூத்தாப்பாவோ கூட்டிப் போகட்டும். தூண்டில் போடாமல் வெறுங்கையோடு நிற்பதாக அவர்களிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு சின்னப் பிள்ளைதான்; மூன்று பிள்ளைக்கு ஒரு மாமா என்பது சரிவராது. ஆண் துணை யாருமில்லையாயின் நீங்களே போங்கள், இன்னொரு சகோதரியையும் சேர்த்துக்கொண்டு. மாரியில் வெள்ளம் வந்து, முகத்துவாரம் வெட்டி, நீர் இழுக்கும் நாட்களில் மட்டும் எவரும் கரைக்கே போக வேண்டாம்.

மகனோடு மகளும் இருந்தால் அவளையும் கூட்டிப் போங்கள். நீர் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்ப்பதில்லை.

பிடிபடுவதில் இரண்டை மட்டும் பிள்ளை தொடக் கூடாது. கெளுத்தியின் செட்டை முள் குத்தினால் விறுவிறுவென்று கடுக்கும். பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை வைத்திருந்தால் கடுப்புக் குறையும், வீக்கம் ஏறினால் வைத்தியரிடம் போக வேண்டும். மற்றது பேத்தை. பலூன் போல் வயிறு ஊதுவதைக் கண்டு பிள்ளைகள் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டு போகக் கேட்பார்கள். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, உயிரைக் கொண்டுபோகும். பூனைக்கும் போடாதீர்கள். முள்ளோடு நூலை வெட்டி ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். வெட்டிய மற்றத் தங்கூசித் துண்டுகளைக் கரையில் போடாமல் பையில் எடுத்து வாருங்கள். கொக்கின் காலில் சுற்றிக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

அன்று இரவு அந்த ஒரு மீனுக்கு மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்து, நாலு பேருக்கும் பங்கு வைத்தார்கள். என் பங்கு ஒரு விரல் அளவு. மகள் தன் பங்கில் பாதியை உம்மாவுக்கு ஊட்டினாள்.

வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நாங்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறோம். மூத்தவன் நீச்சல் பழகத் தொடங்கியிருக்கிறான். பயிற்றுவிப்பவர் என்னையும் இறங்கச் சொல்கிறார், நான் இன்னும் நாள் கடத்திக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் உம்மா உங்களுக்குச் சொல்லச் சொன்னது இது: மகனைக் கூட்டிக்கொண்டு தென்னை மரத்தடிக்கு வாருங்களாம். தடி மட்டும் கொண்டு வந்தால் போதுமாம். மா அவர் குழைத்துக்கொண்டு வருவாராம்.